மெஷின் நல்லா ஓடுதுப்பா

வெளிநாட்டுக் கடைகளில் ஆர்டர் போட்டு, ஊரிலிருக்கும் அப்பாவுக்குத் தோட்ட மெஷின் அனுப்பிவைக்கும் தம்பி தங்கைகளுக்கு,

நீங்கள் அனுப்பிய மெஷின் ஓடவில்லை. என் பட்டறையில்தான் இருக்கிறது. பரணில், பழைய பம்ப்செட் மோட்டாருக்குப் பக்கத்தில், சாக்குப் போட்டு மூடி வைத்திருக்கிறேன். போனில் கேட்டபோது அப்பா, "நல்லா ஓடுதுப்பா, ஒரு குறையும் இல்ல" என்று சொல்லியிருப்பார். எல்லா அப்பாவும் அதையேதான் சொல்கிறார்கள்.

எனக்குப் பட்டறை வத்தலக்குண்டில். கொடைக்கானல் மலைக்கு இது அடிவாரம். தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை, ஆடலூர் என்று கீழ்மலையிலிருந்து பஸ்ஸில் இறங்கி வருகிற மெஷின்கள்தான் என் பிழைப்பு. புல் வெட்டுவது, மரம் அறுப்பது, மருந்தடிப்பது என மூன்று சாதியும் வரும். மேலே காப்பியும் மிளகும் மலைவாழையும் இருக்கின்றன. களையெடுக்கத்தான் ஆள் இல்லை. அரிவாளோடு வந்த பெண்களின் பிள்ளைகள் திருப்பூருக்குப் போய்விட்டார்கள். அதனால் தோட்டத்துக்கு ஒரு புல் வெட்டும் மெஷின் இப்போது நாய்க்குட்டி மாதிரி, எல்லார் வீட்டிலும் ஒன்று கிடக்கிறது.

இந்த மடலை எழுத வைத்தது ஒரு வீடியோ. பெரும்பாறைக்காரர் ஒருவர் ஒருநாள் காலையில் வந்தார். மகன் அமெரிக்காவிலிருந்து அனுப்பிய மெஷின் நாலு மாதமாக என் பரணில் கிடக்கிறது, அது அவருக்கும் தெரியும். உட்காரவில்லை. "தம்பி, அந்தப் பண்ணைக்காட்டுக்காரர் மெஷின் ரெடியாயிருச்சுல்ல? அதைக் கொஞ்சம் வெளிய எடுத்து ஓட்டு" என்றார். அதுவும் ஆரஞ்சு நிறம்தான். பட்டறைக்குப் பின்னால் இருந்த கோரைப்புல்லில் ஓட்டினேன். அவர் போனைக் குறுக்கே பிடித்து, என் முகம் விழாமல், மெஷினும் புல்லும் தெரிகிற மாதிரி எடுத்தார். பதினைந்து விநாடி. அங்கேயே நின்று அனுப்பினார். பதிலுக்குக் கட்டைவிரல் வந்தது. அதை எனக்குக் காட்டிவிட்டு டீ வாங்கிக் கொடுத்தார்.

அந்த வீடியோவில் மெஷினைப் பிடித்திருப்பது என் கை. அந்தத் தம்பி இதைப் படித்தால் மன்னிக்க வேண்டும். ஆனால் அப்பாவின் கை எது என்று உங்களுக்குத் தெரியாமலா போய்விடும்?

இதை எழுதுகிற உரிமை எனக்கு இருக்கிறதா என்று யோசித்தேன். நான் மெஷின் விற்கிறவன் இல்லை. பெட்டியைத் திறக்கிறவன். நீங்கள் பார்க்காத பாதியைப் பார்க்கிறவன், அவ்வளவுதான்.

முதலில் சார்ஜர் கதை. பேட்டரியில் ஓடும் செயின் சா ஒன்று. மகன் அமெரிக்காவில் கடைக்குப் போய்க் கையில் பிடித்துப் பார்த்து, நல்ல கம்பெனியாகப் பார்த்து, ஆர்டர் போட்டு, ஊருக்கு வந்தபோது கூடவே கொண்டுவந்து கொடுத்திருக்கிறான். அவன் இருந்த பத்து நாளும் வேலை செய்தது, ஏனென்றால் பேட்டரி அங்கேயே சார்ஜ் ஏறி வந்தது. அவன் பிளேன் ஏறிய மறுநாள் அப்பா சார்ஜரைச் சுவரில் மாட்டினார். தட்டையாக இரண்டு கால் வைத்த பிளக் நம் சாக்கெட்டில் நிற்காது என்று மகன் முப்பது ரூபாய் அடாப்டர் ஒன்றும் வாங்கி வைத்துப் போயிருந்தான். "டப்புன்னு ஒரு சத்தம் தம்பி, அப்புறம் மீன் வாடை" என்றார். சார்ஜரைத் துண்டில் சுற்றி எடுத்து வந்திருந்தார், அடிபட்ட குருவியைக் கொண்டுவருகிற மாதிரி. திருப்பிப் பார்த்தேன். அடியில் பொடி எழுத்தில்: 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம் வீட்டில் வருவது 230 வோல்ட். அடாப்டர் பிளக்கின் காலைத்தான் மாற்றும், கரண்டை மாற்றாது. போன் சார்ஜரும் லேப்டாப் சார்ஜரும் 100 முதல் 240 வரை தாங்குவதால் எல்லாமே அப்படித்தான் என்று பிள்ளைகள் நினைத்துவிடுகிறார்கள். தோட்டக் கருவியின் சார்ஜர்களில் பல அந்தந்த நாட்டுக்கென்றே செய்தவை.

இதில் இன்னொரு வேடிக்கை இருக்கிறது. அமெரிக்காவில் 20 வோல்ட் என்று விற்கும் பேட்டரியும் மற்ற நாடுகளில் 18 வோல்ட் என்று விற்கும் பேட்டரியும் உள்ளே ஒன்றேதான். இரண்டிலும் ஐந்து செல் வரிசை. ஒருவர் நிறைய ஏறியிருக்கும்போது அளந்து சொல்கிறார், மற்றவர் ஓடும்போது உள்ள சராசரியைச் சொல்கிறார். 20 பெரிசு என்று எண்ணிக் கூடக் காசு கொடுத்த அண்ணன் ஒருவரை எனக்குத் தெரியும். அவருக்கு இதை நான் சொல்லவில்லை.

பேட்டரி மட்டும் தனியாக அனுப்பச் சொல்லலாமே என்று கேட்பீர்கள். 2016 ஏப்ரலிலிருந்து தனி லித்தியம் பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்ற முடியாது. ஆகவே கடைக்காரர் ஒன்று ஆர்டரை ரத்து செய்வார், இல்லை மாதக்கணக்கில் இழுப்பார். "கருவி மட்டும்" என்ற இரண்டு சொல்லைக் கவனிக்காமல் வாங்கி, பேட்டரியும் சார்ஜரும் இல்லாத வெறும் உடம்பு வந்து சேர்ந்த கேஸ் என் பட்டறையில் இரண்டு.

பெட்டி வந்து சேர்வதே சில சமயம் பெரும்பாடு. தாண்டிக்குடி ஐயா ஒருவர் ரொம்ப உஷார். மகள் அவருக்குக் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தாள்: "அப்பா, எந்த லிங்க்கையும் தொடாதீங்க, ஆதார் நம்பர் கேட்டா போனை வச்சிருங்க." மகள் ஆர்டர் போட்ட மெஷின் சென்னை வந்து இறங்கியது. கூரியரிலிருந்து மெசேஜ் வந்தது: பெட்டியை எடுக்க அடையாள அட்டை பதிவேற்றுங்கள், தீர்வை கட்டுங்கள், இதோ லிங்க். ஐயா அழித்துவிட்டார். மறுபடி வந்தது, அழித்தார். ஒருவர் போனே பண்ணி ஆங்கிலத்தில் ஆதார் கேட்டிருக்கிறார். "போலீஸ்ல சொல்லிருவேன்னேன் தம்பி, வச்சிட்டான்." கெடு முடிந்து பெட்டி வந்த வழியே திரும்பிப் போய்விட்டது. கடைக்காரன் அனுப்பிய கூலியையும் திரும்பிய கூலியையும் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தான். இதில் யார் மேல் குற்றம் சொல்வது? ஐயா மகள் சொன்னபடி நடந்தார். கூரியர் சட்டப்படி அடையாளச் சான்று கேட்டது. மோசடிக்காரனும் கூரியர்காரனும் ஒரே மாதிரி மெசேஜ் அனுப்பும் காலத்தில் அறுபத்தெட்டு வயது மனுஷர் எதை வைத்துப் பிரித்துப் பார்ப்பார்?

அந்தக் காலத்து வி.பி.பி. எவ்வளவோ தேவலை. பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்து எழுதிப் போட்டால் தபால்காரர் பெட்டியோடு வாசலில் நிற்பார், அவர் கையில் காசு கொடுத்தால் போதும். உள்ளே ரேடியோவுக்குப் பதில் செங்கல் இருந்தாலும், திட்டுவதற்குத் தெரிந்த முகம் ஒன்று இருந்தது.

செலவுக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விமானக் கூரியரில் எடை என்பது தராசு எடை இல்லை. நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து வருவது ஒரு எடை. இரண்டில் எது கூடவோ அதற்குத்தான் காசு. தண்டு மடியாத புல் வெட்டும் மெஷின் பெட்டி 175க்கு 30க்கு 28 என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் தூக்கினால் எட்டுக் கிலோ. கணக்கில் 29.4 கிலோ. அப்புறம் சுங்கம். பொருளின் விலையோடு கூலியையும் இன்சூரன்ஸையும் சேர்த்து அதற்குத் தீர்வை, அதன் மேல் ஐஜிஎஸ்டி. "பரிசு" என்று எழுதி அனுப்பினால் தப்பிக்கலாம் என்று இன்னமும் சிலர் நம்புகிறார்கள். அந்த வழியை 2019 டிசம்பரிலேயே அடைத்துவிட்டார்கள், உயிர்காக்கும் மருந்துக்கும் ராக்கிக்கும் மட்டும்தான் விலக்கு. அப்பாவுக்கு ராக்கி கட்ட முடியாது.

இனி என் பட்டறைக்குள் வாருங்கள். நான் ரொம்ப நேரம் செலவழித்த மெஷின் ஒன்றைக் காட்டுகிறேன்.

சிங்கப்பூரில் இருக்கும் மகள் செயலியில் பார்த்து, சீனக் கடை ஒன்றில் வாங்கி, கார்கோவில் போட்டு அனுப்பிய புல் வெட்டும் மெஷின். பெட்டியில் பெரிய எழுத்தில் 52 சிசி. மெஷின் மேல் ஒட்டிய ஸ்டிக்கரிலும் 52 சிசி. விலை இங்கே விற்பதில் பாதிக்கும் கம்மி. அப்பா ஆறு நாள் ஓட்டியிருக்கிறார். "பக்கத்துத் தோட்டத்து 35 சிசி மெஷின் என்னைத் தாண்டிப் போகுது தம்பி. என்னோடது 52ன்னு போட்டிருக்கு. பெட்ரோல் மட்டும் 52க்குக் குடிக்குது." மெஷின் சரியாகத்தான் ஸ்டார்ட் ஆனது. புகை அளவாக இருந்தது. இருந்தாலும் புல்லில் இறக்கினால் மூச்சு வாங்கியது.

மூடியைக் கழற்றி மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தேன். உலோகத்திலேயே வார்த்த எழுத்து தெரிந்தது: 1இ40எஃப்-5. இது சீன என்ஜின்களுக்கு இடும் குறியீடு. 1 என்றால் ஒரு சிலிண்டர். இ என்றால் டூ ஸ்ட்ரோக். 40 என்பது போர், அதாவது சிலிண்டரின் உள் குறுக்களவு, மில்லிமீட்டரில். எஃப் என்றால் காற்றில் குளிர்வது. பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டைவழியாகக் கம்பியை விட்டு, பிஸ்டன் மேலே இருக்கும்போது ஒரு கோடு, கீழே இருக்கும்போது ஒரு கோடு போட்டேன். இடைவெளி 34 மி.மீ. சிலிண்டரைத் தூக்கி வெர்னியர் வைத்துப் பார்த்தேன், 40 சொச்சமில்லாமல். பெரியவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, போன் கால்குலேட்டரில் இரண்டுபேரும் பெருக்கினோம். 42.7 சிசி. நிஜமான 52-க்கு 44 மி.மீ. போர் வேண்டும், அதில் குறியீடு 1இ44எஃப் என்றிருக்கும், கணக்குப் போட்டால் 51.7 வரும். ஸ்டிக்கர் ஒட்டியவர் ஒன்பது சிசியைக் காகிதத்தில் கூட்டிவிட்டார்.

பெரியவருக்குக் கோபமே வரவில்லை. "அப்ப என் கை சரியாத்தான் சொல்லியிருக்கு" என்றார். அவருக்கு அதில் ஒரு சந்தோஷம்.

மகளுக்கு வீடியோ எடுத்து அனுப்பினேன், இந்தமுறை நிஜமான வீடியோ. அவள் கடைக்குப் புகார் போட்டாள். வந்த பதில்களை எனக்கும் அனுப்பிவைத்தாள், படிக்கச் சுவாரசியமாகவே இருந்தன. முதலில் "அன்பான தோழியே, வருந்துகிறோம்." அடுத்து, சிலிண்டருக்குள் அளவுகோல் வைத்து எடுத்த படம் வேண்டும். கொடுத்தோம். பிறகு, மெஷினைச் சீனாவுக்குத் திருப்பி அனுப்புங்கள், கூலி உங்களுடையது. கூலி மெஷின் விலையைவிடக் கூட. அவள் முடியாது என்றதும் 10 டாலர் தருகிறோம், புகாரை முடித்துக்கொள்ளுங்கள் என்றார்கள். மறுத்ததும் 15. அப்புறம் 22. சந்தையில் கத்தரிக்காய் பேரம் பேசுவதுபோல மூன்று வாரம். கடைசியில் பணம் கொடுத்த அட்டை நிறுவனத்திடம் முறையிடுவேன் என்று அவள் எழுதியபிறகுதான் பாதி விலை திரும்பியது. முதல் புகாரை எப்போது போட வேண்டும் என்பதில் அவள் புத்திசாலி. அந்தச் செயலியின் புகார்க் கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போதே போட்டுவிட்டாள். பெட்டி கார்கோவில் ஒன்றரை மாதம் மிதந்து வருகிறவர்களுக்கு, அப்பா திறந்து பார்க்கும் முன்பே அந்தக் கெடு பெரும்பாலும் முடிந்துவிடும். உங்களுடைய பாதுகாப்பெல்லாம் உங்கள் வாசலில் பெட்டி இறங்கிய நாளோடு கணக்கு. அப்பா வாசலுக்கு அது செல்லாது.

சீன மெஷின் எல்லாமே மோசம் என்று நான் சொல்லவில்லை. இங்கே கடைகளில் வேறு வேறு பெயரில் விற்பதில் பாதி அதே அச்சுதான். ஒன்றின் கார்புரேட்டர் இன்னொன்றுக்குப் பொருந்தும், உதிரிபாகம் மலிவு. எனக்கு அவற்றோடு பெரிய சண்டை இல்லை. ஸ்டிக்கரோடுதான் சண்டை.

நல்ல மெஷின்தான் அதிகம் சங்கடப்படுத்துகிறது. ஜெர்மன் செயின் சா ஒன்று, அசல், மகன் அங்கிருந்தே வாங்கி அனுப்பினான். கையில் எடுத்தாலே மரியாதை வரும். ஆனால் அதன் வாரண்டி விற்ற நாட்டோடு நின்றுவிட்டது. செயின் மழுங்கியதும் அப்பா இங்கே கடையில் "இதே மாதிரி ஒண்ணு குடு" என்று வாங்கி வந்திருக்கிறார். போடமுடியவில்லை. செயினுக்கு மூன்று எண் உண்டு: பிட்ச், கேஜ், அடியில் ஓடும் லிங்க்குகளின் எண்ணிக்கை. செயின் ஓடும் அவருடைய பாரின் பள்ளம் 1.1 மி.மீ., வாங்கி வந்த செயினின் அடிப்பல் 1.3. உள்ளேயே போகாது. நேர்மாறாக 1.1 செயினை 1.3 பாரில் போட்டால் போகும். ஆனால் சாய்ந்து ஓடி மரத்தைக் கோணலாக அறுக்கும், அது இன்னும் மோசம். இந்த எண்களெல்லாம் பாரின் அடிப்பக்கத்தில் குத்தியிருக்கும். மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தால் தெரியும். யாரும் துடைப்பதில்லை.

(செயின் பல்லைப் பற்றி ஒரு விஷயம், எனக்குப் பிடித்தது என்பதால் சொல்கிறேன். ஜோ காக்ஸ் என்ற அமெரிக்க மரம்வெட்டி 1946-இல் மரத்தைக் குடைந்துகொண்டிருந்த வண்டுப் புழு ஒன்றைக் கவனித்தார். அதன் தாடை இடமும் வலமுமாக மாறி மாறிக் கடித்ததைப் பார்த்து யோசித்த வடிவம்தான் இன்றும் பெரும்பாலான செயின்களில் ஓடுகிறது. நம் சில்வர் ஓக் மரத்தில் புழு விழுந்தால் மருந்து அடிக்கச் சொல்வோம். அவர் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்.)

1926-இல் தொடங்கிய ஸ்டில் என்ற ஜெர்மன் செயின் சா கம்பெனி, அமெரிக்காவில் வெகுகாலம் பெரிய கடைச் சங்கிலிகளுக்கு மெஷின் கொடுக்க மறுத்தது. பழுதுபார்க்கத் தெரிந்த டீலர் வழியாகத்தான் விற்றது. செயின் சாவைப் பெட்டியோடு கொடுத்து அனுப்பக்கூடாது, மாட்டி, ஓட்டிக் காட்டி, பிடிக்கச் சொல்லிக்கொடுத்துக் கொடுக்க வேண்டும் என்பது அதன் நியாயம். வியாபாரத் தந்திரமும் இருக்கலாம். ஆனாலும் என்னைப்போன்ற பட்டறைக்காரனுக்கு அது கேட்க இனிக்கிற நியாயம்.

அடுத்து பெட்ரோல். 2025-இல் நாடு இருபது சதவீத எத்தனால் கலப்பை எட்டிவிட்டது. நம் பங்கில் நீங்கள் பிடிப்பது இ20. வெளிநாட்டிலிருந்து வரும் மெஷின்களின் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் பத்து சதவீதத்துக்கு மேல் எத்தனால் கூடாது என்றிருக்கும். எத்தனால் ஈரத்தை இழுக்கும். மழைக்காலம் முழுக்க டேங்கில் பெட்ரோலோடு தோட்டத்து ஷெட்டில் நின்ற மெஷினின் டியூப் ஊறி நூடுல்ஸ் மாதிரி ஆகிவிடுகிறது, கார்புரேட்டர் டயஃப்ரம் விறைத்துப் போகிறது. எத்தனாலில் ஆக்ஸிஜன் இருப்பதால் அதே ஜெட்டில் கலவை மெலிந்து டூ ஸ்ட்ரோக் என்ஜின் சூடாகும். மலையில் வேறு கணக்கு: மேலே போகப்போகக் காற்று மெலிந்து கலவை தடித்துப் புகை கக்கும். "அப்ப ரெண்டும் சரிக்குச் சரியாப் போயிருமே அண்ணே" என்று ஒரு இஞ்சினியர் தம்பி வாதாடினான். என்ஜினுக்குப் போகலாம். ரப்பருக்கு அந்தக் கணக்கு தெரியாது. இங்கே நான் கார்புரேட்டர் திருகைச் சரிசெய்து அனுப்பும் மெஷினை மேலே போய்க் கால் சுற்று மாற்ற வேண்டியிருக்கும். நம்மூர் மெஷினுக்கு அது ஒரு திருப்புளி வேலை. அமெரிக்காவுக்கென்று செய்தவற்றில் பல, புகைச் சட்டத்துக்காக அந்தத் திருகின் தலையைச் சாதாரணத் திருப்புளி போகாத மாதிரி வைத்திருக்கின்றன. அதற்கென்று தனித் திருப்புளி ஒன்றை நானே வெளிநாட்டிலிருந்து வரவழைத்தேன். சிரிக்காதீர்கள்.

ஆயில் கலக்காமல் ஓட்டி எரிந்தவைதான் பரணில் அதிகம். அப்பா முன்னால் வைத்திருந்தது ஃபோர் ஸ்ட்ரோக், வெறும் பெட்ரோல் ஊற்றிப் பழக்கம். நீங்கள் அனுப்பியது டூ ஸ்ட்ரோக். டேங்க் மூடியில் 50:1 என்று சின்னதாய் இருக்கும், லிட்டருக்கு 20 மில்லி ஆயில் என்று அர்த்தம். சில சீன மெஷினில் 25:1, அப்போது 40 மில்லி. இதைப் போனில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். கழற்றிப் பார்க்கும்போது பிஸ்டனின் பக்கவாட்டில் சீப்பால் வாரியது போலக் கோடு கோடாக இருக்கும். அதைக் கையில் கொடுத்தால் அப்பாக்கள் விரலால் தடவிப் பார்ப்பார்கள், ஒன்றும் பேசமாட்டார்கள்.

பிளேடு நட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். புல் வெட்டும் மெஷினில் அது ரிவர்ஸ் மரை. கழற்றுவதாக நினைத்து முறுக்கி முறுக்கி உடைத்தவர்கள் பட்டியலில் ஒரு ஓய்வுபெற்ற இயற்பியல் வாத்தியாரும் உண்டு.

இவ்வளவு சொன்னபிறகு வெளிநாட்டுத் தபால் கடையே வேண்டாம் என்று நான் சொல்வேன் என எதிர்பார்ப்பீர்கள். இல்லை. போன வருஷம் எனக்கு ரொம்ப சந்தோஷம் கொடுத்த பொருள் வெளிநாட்டிலிருந்து தபாலில் வந்ததுதான், சாதாரணக் கவரில்.

பட்டிவீரன்பட்டிக்காரர் ஒருவரிடம் பழைய ஜப்பான் மெஷின் இருக்கிறது. பதினைந்து வருஷத்துக்கு மேல் ஓடியது. அந்த மாடல் நின்றுபோய்விட்டது, கார்புரேட்டர் ரப்பர் இங்கே எங்குமே கிடைக்கவில்லை. மதுரையில் கேட்டேன், கோயம்புத்தூரில் கேட்டேன். மகள் ஜெர்மனியில். அவள் புதுசு ஒன்று அனுப்பத்தான் போன் செய்தாள், அப்பாவுக்கு முன்னால் எனக்கு. "அண்ணா, அப்பாவுக்கு என்ன மெஷின் வாங்கலாம்?" நான் சொன்னேன்: "மெஷின் வேண்டாம் பாப்பா. கார்புரேட்டர் மேல ஒரு நம்பர் குத்தியிருக்கு, படம் அனுப்புறேன். அந்த நம்பருக்கு டயஃப்ரம் கிட் மட்டும் பாரு." பல நாட்டு மெஷின்களில் வால்ப்ரோ, ஜாமா என்ற இரண்டு கம்பெனிகளின் கார்புரேட்டர்தான் திரும்பத் திரும்ப வரும். மெஷின் கம்பெனி கைவிட்டாலும் கார்புரேட்டர் நம்பர் கைவிடாது. அவள் தேடி, அங்கே உதிரிபாகம் மட்டும் விற்கும் தபால் கடை ஒன்றில் பிடித்தாள். அவளே கவரில் போட்டு அனுப்பினாள், மூன்று வாரத்தில் வந்தது. தபால்காரர் அதைக் கல்யாணப் பத்திரிகை என்று நினைத்து நீட்டினார். உள்ளே பத்து ரூபாய்க் காசு அளவில் கறுப்பு ரப்பர் வட்டங்கள், வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் தெரிகிற மெல்லிசு, இரண்டு காகித கேஸ்கெட், ஒரு ஊசி. எடை இருபது கிராம் இருக்காது. ஒரு மணி நேர வேலை. மூன்றாவது இழுப்பில் மெஷின் பிடித்துக்கொண்டது. அவர் பெட்ரோல் வாடையோடு அந்தக் கவரை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார், மகள் கையெழுத்து இருந்ததால்.

ஆகவே என் அபிப்பிராயம் இது, ஏற்பதும் மறுப்பதும் உங்கள் இஷ்டம். பெட்டியாக வருவதை இங்கேயே வாங்குங்கள். அப்பா பெயரில் உழவன் செயலியில் பதிந்து மானியம் கிடைக்குமா என்று பாருங்கள். அரசு அங்கீகரித்த மாடலுக்குத்தான் கிடைக்கும், தபாலில் வந்ததற்குக் கிடையாது. பணத்தை அனுப்புங்கள், அப்பா கடைக்குப் போய் நாலு மெஷினைத் தூக்கிப் பார்த்து, கடைக்காரனோடு ஒரு மணி நேரம் சண்டை போட்டு வாங்கட்டும். அந்த ஒரு மணி நேரத்தை அவரிடமிருந்து பறிக்காதீர்கள், வருஷத்துக்கு ஒருமுறைதான் கிடைக்கிறது. கவராக வருவதை வெளிநாட்டில் தேடுங்கள்: கிட், ஜெட், இங்கே கிடைக்காத அளவில் செயின், நல்ல உருட்டு அரம். 3/8 லோ புரொஃபைல் செயினுக்கு 4 மி.மீ. அரம், .325-க்கு 4.8 மி.மீ. எப்போதும் நம்பர் கேட்டு, படம் வாங்கி, பிறகு ஆர்டர்.

ஒரே ஒரு பெரிய பொருள் மட்டும் விதிவிலக்கு. செயின் சா பிடிக்கிறவர் போடும் பாதுகாப்புப் பேன்ட். உள்ளே நீள நீளமான இழை அடுக்கடுக்காக வைத்துத் தைத்திருப்பார்கள். செயின் துணியைத் தொட்டதும் அந்த இழை உருவிக்கொண்டு போய்ப் பல்சக்கரத்தில் சிக்கி, காலைத் தொடும் முன் மெஷினை நிறுத்தப் பார்க்கும். வாங்கும்போது ஐஎஸ்ஓ 11393 என்ற முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் பக்கம் மரம் அறுப்பது லுங்கியிலும் ஹவாய் செருப்பிலும்தான். உங்கள் சூட்கேஸில் அது ஒரு ஜீன்ஸ் இடம்தான் பிடிக்கும். பெட்ரோலும் இல்லை, பேட்டரியும் இல்லை, சுங்கத்தில் எவரும் முறைக்க மாட்டார்கள். மெஷின் அனுப்பிய எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்துவிட்டேன், பேன்ட் அனுப்பியவரை இன்னும் பார்க்கவில்லை. பெரிதாகப் போடுங்கள், அப்பா வேட்டிக்கு மேலேயே மாட்டிக்கொள்வார்.

பரணில் இப்போது ஏழு மெஷின் இருக்கிறது. எல்லாவற்றிலும் அட்டை கட்டி ஊர் பெயர் எழுதியிருக்கிறேன். மழைக்கு முன் இடத்தைக் காலி செய்ய வேண்டும், மேலே ஓடு மாற்றுகிறோம்.

இந்த வாரம் வீட்டுக்குப் பேசும்போது மெஷின் எப்படி ஓடுகிறது என்று கேட்காதீர்கள். மெஷின் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார். அப்புறம், "அந்த வத்தலக்குண்டுக்காரன் இன்னும் தரலப்பா, இழுத்தடிக்கிறான்" என்பார். பரவாயில்லை, என் மேலேயே போடட்டும்.

இப்படிக்கு,
பட்டறைக்காரன்,
வத்தலக்குண்டு